இரண்டு துண்டுத் தகடு

"சார், இந்த சீலன்ட்டை எடுத்துட்டுப் பார்க்கலாமா?"

ட்ரெய்னி பையன் டார்ச்சை அடித்தபடி கேட்டான். "வேண்டாம் தம்பி, பேப்பர் சரியா இருக்கு" என்றேன். காலையில் விமானம் கிளம்ப வேண்டும். அது பழைய ரிப்பேர், மேலே சீலன்ட் என்ற அடைப்புப் பசை பூசியிருந்தது, கையெழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தது. செய்ய வேண்டியதைச் சொல்லும் வேலைக் கார்டில் கண்ணால் பார் என்றுதான் இருந்தது, பிரித்துப் பார் என்று இல்லை. பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். விதிப்படி ஒரு தப்பும் இல்லை.

அடுத்த மாதம் வகுப்பில் ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமான விபத்துப் பாடத்தை நானே எடுக்க வேண்டி வந்தது. 1978-இல் ஒசாகாவில் இறங்கும்போது அந்த ஜம்போவின் வால் ஓடுபாதையில் உரசியது. கேபினின் காற்றழுத்தத்தை வால் பக்கம் தாங்கி நிற்கும் சுவரான பிரஷர் பல்க்ஹெட்டின் கீழ்ப்பாதியை போயிங் ஆட்களே வந்து மாற்றினார்கள். மேல்பாதியோடு சேரும் இடத்தில் ஒரே தகடு முழுசாகப் போயிருக்க வேண்டும். போட்டதோ இரண்டு துண்டு. பாரம் முழுக்க ஒரே ரிவெட் ஆணி வரிசையில் விழுந்தது. அப்படியே ஏழு வருஷம், பன்னிரண்டாயிரம் பயணத்துக்கு மேல் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று பல்க்ஹெட் பிளந்து, உள்ளிருந்த காற்று வாலைப் பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தைக் கட்டுப்படுத்தும் நான்கு ஹைட்ராலிக் லைனும் போய்விட்டன. அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளாடி மலையில் மோதியது. 524 பேரில் பிழைத்தது 4 பேர்.

போர்டில் தகட்டை வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டு வெட்டிக் காட்டினேன். பின்வரிசையில் இருந்து அதே பையன், "வெளியே இருந்து பார்த்தா ரெண்டு துண்டுன்னு தெரியாதுல்ல சார்?" என்றான்.

"தெரியாது" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டான். குத்திக் காட்டினானா, நிஜமாகவே சந்தேகமா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கண்ட இடத்தில் எல்லாம் சீலன்ட்டைப் பிரித்தால் விமானம் எப்போது பறப்பது? சுரண்டும்போது தகட்டில் கீறல் விழுந்தால் அது வேறு வம்பு. 2002-இல் சைனா ஏர்லைன்ஸ் 611 நடுவானில் உடைந்ததும் பழைய வால் உரசலால்தான். அந்தக் கீறல்களைச் சரியாக நீக்காமல் மேலே தகடு போட்டு மூடியிருந்தார்கள். இதை எனக்குச் சாதகமாகத்தான் சொல்ல வந்தேன். எழுதிப் பார்த்தால் பையன் பக்கம் போய் நிற்கிறது.

நான் கையெழுத்துப் போட்ட அந்த விமானம் அப்புறம் பெரிய பராமரிப்புச் செக்குக்குப் போனது. அங்கே பிரித்துப் பார்த்திருப்பார்கள். போன் போட்டுக் கேட்டால் இரண்டு நிமிஷ வேலை. நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்னும் கேட்கவில்லை.