தம்பலகாமத்து விறாந்தையில் கட்டிய வீச்சு வலை

சென்ற ஐப்பசியில் நாங்கள் திருகோணமலைக் கடற்கரையிலுள்ள திருக்கடலூரிலிருந்து வயலூரான தம்பலகாமத்துக்கு வீடு மாறினோம். ஆவணியில் எங்கள் ஒரே மகளுக்குக் கலியாணம் முடிந்தது. எங்கள் பகுதியின் வழக்கப்படி, என் தாய் எனக்குச் சீதனமாக எழுதித் தந்த கடற்கரை வீட்டை நான் அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த என் கணவர், தம் பரம்பரை வயலைப் பார்ப்பதற்காக 27 ஆண்டுகளாகத் திருக்கடலூரிலிருந்து தம்பலகாமத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். இப்போது அந்தப் பயணத்தைத் தலைகீழாகச் செய்கிறவள் நானாகிவிட்டேன். தூரம் 25 கிலோமீற்றருக்கு உட்பட்டதுதான். ஆனால் இரவில் படுத்தால் அலைச்சத்தம் இல்லை. தவளைச் சத்தம் மட்டுமே இருக்கிறது. முதல் ஒரு மாதம் எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

வீடு மாறும்போது அப்பாவின் பழைய பிஸ்கற் தகரமொன்று என் சாமான்களோடு வந்திருந்தது. அதற்குள் மூங்கிலில் சீவிய வலை ஊசிகள் மூன்றும், கண்கள் ஒரே அளவில் விழ நூலைச் சுற்றிக் கட்டும் அரை அங்குல அகலமுள்ள அளவுக் கட்டை ஒன்றும், ஒரு கத்தரிக்கோலும் இருந்தன. கட்டையின் ஓர் ஓரம் அப்பாவின் பெருவிரல் பட்டுப்பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. வாடைக் காலத்தில் கடல் பெருத்து வள்ளங்களெல்லாம் கரையேறிய பின்னர், கார்த்திகை, மார்கழி மாதங்களில் அப்பா கிழிந்த வலைகளைப் பொத்துவார். பக்கத்திலிருந்து ஊசிக்கு நூலேற்றிக் கொடுப்பது என் வேலை. பத்து வயதிலேயே கிழிந்த வலைக்கண்ணைப் பொத்தப் பழகிவிட்டேன். ஆனால் ஒரு வலையை உச்சியிலிருந்து தொடங்கி நானாகக் கட்டியதில்லை. கார்த்திகை மழை தொடங்கிய அன்று அதைச் செய்து பார்ப்பதென்று தீர்மானித்தேன். நான் செய்தவற்றை, பிழைகளையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். வலை கட்ட நினைக்கும் ஒருவருக்கு இது உதவக்கூடும்.

அளவை முதலில் முடிவுசெய்யவேண்டும். உச்சியிலிருந்து அடிவரை ஆறடி நீளமான, விரித்தால் பன்னிரண்டடி விட்டமுள்ள சிறிய வீச்சு வலையே என் இலக்கு. அரை அங்குலக் கட்டையில் கட்டினால், இழுத்துப் பிடிக்கையில் ஓர் அங்குலக் கண் கிடைக்கும். ஒரு வரி கட்டினால் வலை அரை அங்குலம் வளரும். ஆகவே ஆறடிக்கு 144 வரிகள் தேவை. உச்சியில் 48 கண்களுடன் தொடங்கி, ஒவ்வொரு மூன்றாவது வரியிலும் சம இடைவெளியில் 12 கண்களை ஏற்றி, அதாவது கூடுதலாகச் சேர்த்து, சென்றால் அடியில் 624 கண்கள் வரும். இந்தக் கணக்கைப் போட்டவர் என் கணவர். நெல் விற்ற கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் வரி வரியாகக் கூட்டி, மொத்தம் 48,000 முடிச்சுகளுக்குச் சற்று மேலே வருமென்று சொன்னார். எனக்கு மலைப்பாக இருந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு 300 முடிச்சென்றாலும் 160 மணித்தியாலங்கள் வேண்டும். அவர் மறுநாளே விறாந்தைத் தூணில், நான் கதிரையில் இருந்தால் கை எட்டும் உயரத்தில், ஓர் ஆணியை அடித்து வைத்தார்.

நூல் வாங்குவதற்குத் திருகோணமலைக்குப் போனோம். தங்கூசி எனும் ஒற்றை இழை நைலோன் வலைக்கு எங்கள் நாட்டில் தடை இருப்பதால் முறுக்கிய நைலோன் நூலையே வாங்கினேன். அது கைக்கும் இதமானது. தங்கூசி நூல் விரல் இடுக்கை அறுக்கும்.

முடிச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் வலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. நூலைக் கட்டையின் முன்பக்கமாக இறக்கி, பின்பக்கமாக மேலே கொண்டுபோய், மேல்வரியின் கண்ணுக்குள் ஊசியைக் கீழிருந்து நுழைத்து இழுக்கவேண்டும். மேற்கண் கட்டையின் விளிம்பில் வந்து முட்டியதும், அந்த இடத்தை இடது பெருவிரலால் இறுக அழுத்திக்கொண்டு, நூலை இடப்பக்கமாக ஒரு வளையமாக வீசி, ஊசியை மேற்கண்ணின் இரண்டு இழைகளுக்கும் பின்னால் செலுத்தி, அந்த வளையத்துக்குள்ளால் வெளியே எடுத்து இழுத்தால் முடிச்சு விழும். பெருவிரல் ஒரு மயிரளவு கீழே இறங்கிவிட்டாலும், முடிச்சு மேற்கண்ணைப் பற்றாமல் அதற்குக் கீழே உருவாகி, இழுத்தால் வழுகும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பருத்தி நூலென்றால் ஓரளவு தாங்கும், நைலோன் மன்னிக்காது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு நூலை நனைத்து நனைத்து இழுத்தபோதுதான் முடிச்சுகள் உறுதியாக அமர்ந்தன.

முதல் வரியின் 48 கண்களுக்கு ஒரு முழு மாலைப்பொழுது சென்றது. பத்தாவது வரியில் கை தானாக ஓடத் தொடங்கியது. அந்த மாதத்தின் மாலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: மழை, விறாந்தை விளக்கு, வயலிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு உட்காரும் கணவர், இருவருக்கும் வெறுந்தேநீர். நான் கட்டுவேன், அவர் ஊசிகளுக்கு நூலேற்றி வைப்பார். ஒரு வரி முடிந்ததும் “இஞ்சருங்கோ, முடிஞ்சது” என்பேன். கொப்பியில் ஒரு கோடு போடுவார். கண் ஏற்றவேண்டிய வரியென்றால் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைப்பார். மகளுடைய படிப்பு, மழை பொய்த்த போகம், கடன் என்று 27 ஆண்டுகளில் எங்களுக்குப் பேசுவதற்கு எவ்வளவோ இருந்தன. ஒரே வேலையில் இருவரும் ஒன்றாகக் கைவைத்து இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒருநாள் அவர், “எங்கட ஊரிலயும் கடல் இருக்குத்தானே, அதைப் போய்ப் பாப்பம்” என்று என்னைத் தம்பலகாமக் குடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தட்டையான சிப்பிகளும் அவற்றில் விளைந்த முத்துகளும் ஒருகாலத்தில் அந்தக் குடாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. கண்டல் மரங்கள் சூழ்ந்த அழகான இடம் அது, உப்புத் தண்ணீர்தான். ஆனால் அலை இல்லை. திருக்கடலூரில் முற்றத்தில் நின்றால் எதிரே சுவாமிமலையும் அதன் உச்சியில் கோணேசர் கோயிலும் தெரியும்; காலையில் கடலிலிருந்தே சூரியன் எழும். குடாவின் கரையில் நின்று நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவரே, “அது வேற, இது வேற, என்ன?” என்றார். நான் ஓம் என்றேன். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

பிழை நேர்ந்தது 57ஆம் வரியில். கண் ஏற்றவேண்டிய அந்த வரியில், மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே கட்டியதால், ஏற்றாமல் விட்டுவிட்டேன். 66ஆம் வரியை முடித்து எண்ணிப் பார்த்தபோது 312 கண்களுக்குப் பதிலாக 300 கண்களே இருந்தன. கொப்பியைப் பார்த்தால் 57க்குப் புள்ளி போட்டிருந்தது. அவர் வரிசை பார்த்து முன்கூட்டியே வைத்த புள்ளி அது. யார் பிழை என்று அன்றிரவு சிறிது மனத்தாங்கல் ஏற்பட்டது. வெட்டிவிட்டு மறுபடி கட்டவேண்டுமென்பது அவர் கட்சி. நனைத்து இறுக்கிய நைலோன் முடிச்சை அவிழ்ப்பது நடவாத காரியம். வெட்டினால் 2,784 முடிச்சுகள் போய்விடும். அந்தச் சனிக்கிழமை வலையை உரப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, பாலம்போட்டாறு, கப்பல்துறை வழியாகப் பஸ்ஸில் திருக்கடலூருக்குப் போனோம்.

அங்கே எனக்குச் சித்தப்பா முறையான ஒரு பெரியவர் இருக்கிறார். அப்பாவோடு கரைவலை இழுத்தவர். அவர் வலையை வாங்கி, கண்ணால் பார்க்கவில்லை. உச்சியைக் காற்பெருவிரலில் மாட்டி, இரண்டு கைகளாலும் வரி வரியாக இழுத்துக்கொண்டே போனார். 31ஆம் வரியில் நான் அறியாத இரண்டு வழுகல் முடிச்சுகளைப் பிடித்துக் காட்டினார். பிறகு, “பிள்ளை, வெட்டாத. வாற ஏத்து வரியில பன்னிரண்டுக்கு இருபத்திநாலா ஏத்து. ஆனா ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு வராமல் இடைவிட்டு ஏத்து. அடியில கணக்குச் சரி வந்தால் தண்ணிக்குள்ள விரியும்” என்றார். 69ஆம் வரியில் அப்படியே செய்தேன். அதன்பிறகு கண் ஏற்றும் இடங்களில் சிவப்பு நூல் துண்டுகளைக் கட்டி வைத்தேன். இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கவேண்டும்.

அன்று நாங்கள் மகளுடைய வீட்டில் சாப்பிட்டோம். “மகளுடைய வீடு” என்று எழுதுவதற்கு இப்போதுதான் கை பழகியிருக்கிறது. அவள் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலை வேறொரு தட்டில் வைத்திருந்தாள். நான் பழைய இடத்தில் கையை வைத்துத் தடவிவிட்டு, அவள் எடுத்துத் தரும்வரை நின்றேன். என் தாயும் இப்படித்தான் என் குசினியில் நின்றிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாட்களில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. வேலையாட்களுக்குச் சமைப்பதிலும் நெல் காயவைப்பதிலும் மூன்று வாரங்கள் ஊசியைத் தொடவில்லை. நூறு வரிகளைத் தாண்டியபோது ஒரு வரிக்கே ஒன்றரை மணித்தியாலம் செல்லத் தொடங்கியது. வைகாசி கடைசியில், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், 144ஆம் வரி முடிந்தது. அவர் கொப்பியில் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டுத் தாமும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். 624.

அடுத்தது ஈயம். நான்கு கண்களுக்கு ஒன்றாக 156 ஈயக் குண்டுகள். மொத்தம் நான்கு கிலோவுக்குச் சற்று மேலே. பழைய பற்றரி ஈயத்தை வாங்கிச் சட்டியில் உருக்கி வார்த்தால் செலவு குறையும் என்று அவர் யோசனை சொன்னார். ஈயப் புகை நஞ்சு. வீட்டுக்குள் மட்டுமல்ல, முற்றத்திலும் அதைச் செய்யக்கூடாது என்று நான் உறுதியாக மறுத்துவிட்டேன். துளையிட்ட குண்டுகளாகவே வாங்கி, அடிக்கயிற்றில் கோத்தோம். பிறகு அடிவிளிம்பை உட்பக்கமாக ஒரு சாண் மடித்து, இடைவிட்டு இடைவிட்டு வலையோடு சேர்த்துக் கட்டினேன். இதுதான் மடி; வலை சுருங்கும்போது மீன் இதற்குள்தான் தங்கும். மடி ஆழமாக இருந்தால் மீன் நிற்கும், வலை விரிவது குறையும். நான் சற்று ஆழமாகவே கட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வீசப் பழகியது வீட்டு முற்றத்துப் புல்லில். கயிற்றின் நுனியை இடது மணிக்கட்டில் மாட்டி, வலையைக் கைக்குள் சுருக்கி, அடியின் ஒரு பகுதியை இடது முழங்கையில் தொங்கவிட்டு, மீதியை வலக்கையில் பிடித்து, இடுப்போடு திரும்பி விடவேண்டும். எங்கள் ஆட்கள் ஓர் ஈயக் குண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு வீசுவார்கள். ஈயம் என்பதால் நான் அதைத் தவிர்த்தேன். முதல் வாரம் வலை வாழைக்காய்போல் நீண்டு விழுந்தது. எங்கள் கரையில் பெண்கள் வலை பொத்துவார்கள், வீசுவதில்லை. நான் வீசுவதை அயலவர்கள் வேலியோடு நின்று பார்த்தார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை; புல்லில் மாட்டிய சுள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

ஆடி அமாவாசைக்கு அப்பாவின் நினைவாகக் கோணேசர் கோயிலுக்குப் போய், இரவு மகள் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் கடல் குளம்போல் கிடந்தது. கச்சான் தரையிலிருந்து வீசும் காலத்தில் எங்கள் கரை அப்படித்தான் அடங்கியிருக்கும். முழங்காலளவு தண்ணீரில் நின்று வீசினேன். வட்டமாக விரியவில்லை, முட்டை வடிவில் விழுந்தது. ஆனால் ஓரமெங்கும் ஈயம் ஒருசேரத் தண்ணீரில் விழுந்த அந்தச் சத்தம், அப்பாவின் வலை விழும் அதே சத்தம். ஐந்தாவது வீச்சில் இரண்டு மணலை மீன்களும் ஒரு பிடி சூடை மீன்களும் அகப்பட்டன. மகள் அவற்றைச் சொதி வைத்தாள்.

பஸ்ஸில் வரும்போது ஈர வலை உரப்பையில் அவருடைய காலடியில் இருந்தது. வழியெல்லாம் எங்கள் ஆசனத்தைச் சுற்றி உப்பும் மீனும் மணத்தன. வீட்டுக்கு வந்ததும் அவர் கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளி வைத்தார். கடலில் நனைந்த வலையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடவேண்டும். இல்லாவிட்டால் மணலும் உப்பும் முடிச்சுக்குள் தங்கி நூலைத் தின்னும், வெயில் நைலோனை நொறுக்கும். இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். ஆயினும் அன்று, “நாளைக்கு அலசுவம்” என்றேன். அவர் வாளிகளை அப்படியே வைத்துவிட்டு, வலையை விறாந்தைத் தூணில், நான் படுக்கும் அறையின் சன்னலுக்கு நேரே, அதே ஆணியில் மாட்டினார்.

மறுநாள் அலசினோம். மடியை இரண்டு விரல் அளவு குறைத்துக் கட்டவேண்டும். அது அடுத்த வார வேலை.