துவையலில் பேஸ்ட் வாசம்

நர்சரியில புதினான்னு வாங்கிட்டு வந்த செடி. நேத்து அதைப் பறிச்சுத் துவையல் அரைச்சேன். ஒரு வாய் வெச்சதும் அத்தை, "என்னடி, பல்லு விளக்கின வாயோட சாப்பிடற மாதிரி இருக்கு?"

பெப்பர்மின்ட்!

பக்கத்துத் தொட்டியிலதான் நம்ம புதினா, ஸ்பியர்மின்ட். குன்னூர் மூடுபனியில ரெண்டும் ஒரே பச்சை. கிட்டப் போய்ப் பார்த்தா, நம்ம புதினா இலை தண்டோட ஒட்டியே இருக்கு. இதுக்குச் சின்னக் காம்பு, தண்டுல ஊதாச் சாயல். ஜில்லுன்னு ஏறுறது மென்தால். நம்மதுக்கு வாசம் தர்றது கார்வோன்ங்கற வேதிப்பொருள்.

பெப்பர்மின்ட்டே ஸ்பியர்மின்ட்டும் நீர்ப்புதினாவும் சேர்ந்த கலப்புதான். 1753ல தாவரவியல் மேதை லின்னேயஸே தனி இனம்னு எழுதிட்டார், நான் எம்மாத்திரம்?

டீக்கு அருமையா இருக்கு. இலையைச் சொல்றேன். துவையல் இன்னும் ஃபிரிட்ஜ்லதான்.