எம்ஜிபிக்கு ஒரு முன்குழாய்

மார்ச் 1, சனி

காலையில் என் எம்ஜிபியை, அந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை, ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக்கென்று ஒரு சத்தம். எஞ்சின் வேகத்தோடு கூடுகிறது, குறைகிறது. கேட்டவர்கள் எல்லோரும் டேப்பட், அதாவது வால்வைத் திறக்கும் பாகம் தட்டுகிறது என்றார்கள். ஆனால் டேப்பட் இடைவெளி அதிகமாக இருந்தால் எஞ்சின் சூடான பிறகும் தட்டிக்கொண்டே இருக்கும். இது சூடு ஏற ஏற அடங்கிவிடுகிறது. இரும்பு விரிந்து ஏதோ ஓர் இடுக்கை அடைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். இன்னொன்று: இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் பட் பட்டென்று வெடிக்கிறது. ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் எரிந்தால்தான் அப்படி வெடிக்கும்.

மாலை எஞ்சின் ஆறியதும் தம்பியைக் கூப்பிட்டேன். தடித்த கையுறை போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, மடித்த துணியால் பின்குழாயின் வாயைச் சில நொடி பொத்தச் சொன்னேன். நான் முன்னால் குனிந்து கேட்டேன். கார்புரேட்டருக்குக் கீழே, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து அனுப்பும் மேனிஃபோல்டும் அதிலிருந்து கீழிறங்கும் முன்குழாயும் சேரும் இடத்தில் 'புஸ்' என்று சீறியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே மட்டும் கருகருவென்று கரி.

சரி செய்யும்வரை வண்டியை வெளியே எடுப்பதில்லை. பின் சைலன்சரில் ஓட்டை என்றால் சத்தம்தான் தொல்லை. முன்னால் ஒழுகினால் கார்பன் மோனாக்சைடு ஓட்டுபவர் இருக்கும் அறைக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களுக்கு முட்டு வைத்துவிட்டு அடியில் படுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

விரிசல் கண்ணில் பட்டது. மேனிஃபோல்டுக்கு அடியில் குழாயின் கழுத்தில், கிட்டத்தட்ட அரை வட்டம். ஹேக்ஸா பிளேடின் முனை உள்ளே போகிறது. மற்றபடி குழாய் உறுதியாகத்தான் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் கணீரென்கிறது.

எனக்கு இதுதான் உறுத்தியது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியே போகிறது. பக்கத்துத் தெருவரைக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அந்த ஆவி பின்பக்கம் குளிர்ந்து சைலன்சருக்குள் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். முன்குழாய்க்கு அந்தக் கதி பெரும்பாலும் வருவதில்லை. சூடு அதிகம், சீக்கிரம் காய்ந்துவிடும். அது துருப்பிடித்து ஓட்டையாவதைவிட விரிசல் விட்டுத்தான் சாகும். விரிசல் என்றால் ஏதோ ஒன்று அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

தேடியதில் ஆட்டியதும் பிடித்ததும் இரண்டும் கிடைத்தன. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேலுள்ள ரப்பர்கள் எண்ணெயில் ஊறிக் களிம்பாகிவிட்டன. கையால் நெம்பினாலே கியர்பாக்ஸ் அசைகிறது. அதற்குச் சற்றுப் பின்னால், முன்பு யாரோ ரப்பர் தொங்கலைக் கழற்றிவிட்டு, இரும்புப் பட்டையை வளைத்துக் குழாயை பாடியோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். குழாயின் ஒரு முனை எஞ்சினோடு ஆடுகிறது, மறுமுனை அசையவே முடியாது. நடுவில் அகப்பட்ட கழுத்து என்ன செய்யும்? புதுக் குழாயை மாட்டிவிட்டு இந்தப் பட்டையை அப்படியே விட்டால் அதுவும் இதே இடத்தில்தான் முறியும்.

மார்ச் 4, செவ்வாய்

எந்தக் குழாய் வாங்குவது என்று ஒரே யோசனை. துருப்பிடிக்காத எஃகு பார்க்க அழகு, நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அந்த வகையில் புழக்கத்தில் உள்ள 304 ரகம் சூட்டில் அதிகமாக நீளும். ஒரு மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறினால் சாதாரண எஃகு 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும், 304 ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். தொங்கல்கள் ஒழுங்காக இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. இருந்தாலும் என் வண்டியின் பின்பகுதி முழுக்கச் சாதாரண எஃகு. முன்னால் மட்டும் மினுக்கி என்ன ஆகப்போகிறது? அலுமினியப் பூச்சுள்ள சாதாரணக் குழாயையே எடுத்துக்கொண்டேன்.

இந்த எஞ்சின் பழைய பி-சீரிஸ், 1798 சிசி. எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் புகை வெளியேற மூன்று வழிதான். இரண்டாவது சிலிண்டரும் மூன்றாவதும் நடுவழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. முன்குழாய் இரட்டைக்குழாயாகத் தொடங்குவது இதனால்தான். நடுவழிக்கு ஒன்று, இரு ஓரங்களுக்கும் சேர்த்து ஒன்று. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் ஒவ்வொரு குழாயிலும் புகை ஒரே சீரான இடைவெளியில் வருகிறது. 1962ல் வந்த வண்டிக்கு இது மோசமில்லை.

மார்ச் 7, வெள்ளி

நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டேன். நேற்றும் விட்டிருந்தேன். வேறு வேலை இல்லை.

மார்ச் 8, சனி

கழற்றும் நாள். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்தேன். பிறகு எஸ்யூ என்ற கம்பெனியின் இரண்டு கார்புரேட்டர்களையும் அவற்றின் வெப்பத் தடுப்புத் தகட்டையும் கழற்றினேன். கழற்றாமலும் செய்யலாம் என்பார்கள். கை நுழையாத இடத்தில் கோபப்படுவதைவிட இது மேல்.

முன்குழாயைப் பிடித்திருப்பவை ஆறு நட்டுகள், ஒவ்வொரு வாய்க்கும் மூன்று. மேலே தெரிபவை சாதுவாக வந்தன. பித்தளை நட்டுக்கு அதுதான் குணம்: நட்டு ஏறும் மரைக்கம்பியான எஃகு ஸ்டட்டோடு துருவேறி ஒட்டிக்கொள்ளாது. கீழே உள்ளவற்றுக்கு அடியிலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷன், நுனியில் வளையும் ஜாயின்ட், அதில் அறுமுக சாக்கெட். இன்ச் அளவு சாக்கெட்தான் வேண்டும். 13 மில்லிமீட்டரும் அரை இன்ச்சும் ஒன்றுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அரை இன்ச் என்பது 12.7. அந்த 0.3 மில்லிமீட்டர் தளர்ச்சி போதும், மென்மையான பித்தளையின் முனைகள் மழுங்கிவிடும். அப்புறம் அந்த நட்டு யாருக்கும் அடங்காது.

ஒரு நட்டு சுழலும்போது ஸ்டட்டும் சேர்ந்தே வந்தது. நல்லதுதான், எப்படியும் புது ஸ்டட் போடப் போகிறேன்.

கடைசி நட்டு நகரவே இல்லை. கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அது மட்டும் பித்தளை இல்லை, சாதாரண இரும்பு நட்டு. ஸ்டட்டோடு ஓருடலாகிவிட்டிருக்கிறது. தம்பி கேஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"அண்ணா, ரெண்டு நிமிஷம் காட்டினா கழன்றுடும்."

"கார்புரேட்டரைத்தான் கழற்றியிருக்கோம். பெட்ரோல் குழாய் அங்கேயேதான் இருக்கு. அதை உள்ளே வை."

சூடு காட்டுவது நல்ல வழிதான், வண்டியில் பெட்ரோல் இல்லாத இடமாக இருந்தால். இன்னும் பலமாகத் திருகியிருந்தால் ஸ்டட் வார்ப்பிரும்புக்குள்ளேயே முறிந்திருக்கும். அதைத் துளைபோட்டு எடுப்பது தனிப் பாடு: நடுப்புள்ளி சற்று விலகினாலும் துளை மேனிஃபோல்டின் மரையைத் தின்றுவிடும். அதனால் நட்டை உடைக்கும் கருவியைக் கொண்டுவந்தேன். வளையத்துக்குள் நட்டைப் பிடித்து, பக்கத்துத் திருகை இறுக்க இறுக்க உளிமுனை நட்டின் தட்டையான முகத்தில் இறங்குகிறது. 'டிக்' என்றொரு சத்தம். இரும்பு வெடித்து ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. திருப்பி வைத்து எதிர்முகத்தையும் வெட்டினேன். நட்டு இரண்டு பாதியாகக் கையில் விழுந்தது.

மார்ச் 9, ஞாயிறு

இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. அந்தக் காலத்து கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. முகமூடி போட்டு, நன்றாக நனைத்து, பிளாஸ்டிக் சுரண்டியால் மெல்ல எடுத்து, ஈரத்தோடே பைக்குள் போட்டுக் கட்டினேன். கம்பி பிரஷ்ஷை மெஷினில் மாட்டி உரசும் ஆசையை அடக்க வேண்டும்.

மேனிஃபோல்டின் முகத்தில் எஃகு அளவுகோலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இடைவெளி இல்லை. மரைகளை, மரை வெட்டும் டேப் கருவியை விட்டுச் சுத்தம் செய்து, செப்பு கிரீஸ் தடவி, புது ஸ்டட்டுகளைப் பொருத்தினேன்.

மார்ச் 12, புதன்

கியர்பாக்ஸ் ரப்பர்கள் மாறின. அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு செய்தேன். இரும்புப் பட்டைக்கு விடைகொடுத்து, அந்த இடத்தில் ரப்பர் தொங்கல் போட்டாயிற்று.

மார்ச் 15, சனி

புதுக் குழாய் ஏறியது. இந்த வேலையில் பொறுமை வேண்டியது இங்கேதான். கேஸ்கெட்டுகளை வைத்து ஆறு பித்தளை நட்டுகளையும் விரலால் மட்டும் திருகினேன். பின்னால் சைலன்சரோடு சேரும் இடத்தில் ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழைகிறது. அங்கே மட்டும் அடைப்புப் பசை. மேனிஃபோல்டில் பசை எதற்கு, கேஸ்கெட் இருக்கிறதே. கிளாம்புகள் எல்லாம் தொளதொளவென்று.

அந்த நிலையில் குழாயை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தேன். இடதுபக்கம் பாடியின் விளிம்பில் இடித்தது. பின் ஜாயின்டைக் கொஞ்சம் சுழற்றியதும் சுற்றிலும் விரல் போகும் இடம் கிடைத்தது. எதையும் வலிந்து இழுக்காமல் குழாய் தானாகவே ஸ்டட்டுகளில் உட்கார்ந்தால்தான் இறுக்கத் தொடங்க வேண்டும். நட்டை வைத்துக் குழாயை இழுத்து உட்காரவைத்தால் கழுத்தில் மறுபடி அதே அழுத்தம்தான் ஏறும். முன்னிருந்து பின்னாக, ஒரே நட்டை முழுசாக முறுக்கிவிடாமல் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

கார்புரேட்டர்களை மாட்டி, பெட்ரோல் கசிவு இல்லையென்று பார்த்து, வெட்டவெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தோம். குழாய் முழுக்கப் புகைந்தது. புதுக் குழாயில் பூசியிருந்த எண்ணெய் எரிகிறது, அவ்வளவுதான். தம்பிதான் முகம் வெளிறிப்போனான். டிக் டிக் இல்லை. துணியால் வாயைப் பொத்தியபோது எங்கும் சீறவில்லை. கை வைத்தவனைத்தான் பின்னால் தள்ளியது.

மார்ச் 22, சனி

ஒரு வாரம் ஓடி, சூடாகி, ஆறியிருக்கிறது. கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் சாக்கெட்டை வைத்துப் பார்த்ததில் கீழ்வரிசையில் இரண்டு நட்டுகள் இன்னும் சற்றுத் திரும்பின. மற்றவை அசையவில்லை. கழுத்தில் கரி இல்லை. கியர்பாக்ஸை நெம்பினால் குழாயும் கூடவே அசைந்து, ரப்பரில் ஊசலாடி நிற்கிறது. இறக்கத்தில் வெடிச்சத்தமும் போயிற்று. இனி கார்புரேட்டர் கலவையைச் சரிபார்க்க வேண்டும். அதை அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.