ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

வீட்டுக்குப் பிளான் போட்டுக் கட்டிக்கொடுப்பது என் தொழில், பதினான்கு வருஷமாக மதுரையில். புது வீட்டைவிட, இருக்கிற வீட்டின்மேல் மாடி எடுக்கிற வேலைதான் அதிகம் வரும். பையனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாலே மேலே ஒரு ரூம், பாத்ரூமோடு. அப்படி ஒரு வேலைக்குப் பிறகுதான் நான் ஜன்னல் வைக்கிற விதமே மாறியது.

கிழக்குச் சுவரில் நாலடி அகலத்துக்கு ஒரு ஜன்னல். தரையிலிருந்து இரண்டரை அடியில் தொடங்கி ஏழடியில், ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் கட்டையில் முடியும், எல்லா பெட்ரூமுக்கும் வைக்கிற அளவுதான். பக்கத்தில் விடவேண்டிய இடம் விட்டிருந்தோம், அனுமதியும் கையில் இருந்தது. செங்கல் வேலை ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வந்து, "வெளிச்சம் மறைக்குது தம்பி" என்றார். பிளானை விரித்து அளவெல்லாம் காட்டினேன். கேட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, மழைத் தண்ணீர் எங்கள் பக்கம் விழும் என்று வந்தார், அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. மூன்றாம் தடவை குறை எதுவும் சொல்லவில்லை. "ஒரு நிமிஷம் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போங்க தம்பி" என்று கூப்பிட்டார்.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், அதையொட்டி மூன்று பக்கமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அடித்து, மேலே கூரை இல்லாத ஒரு குளிக்கிற இடம். கொடியில் பழைய சேலை ஒன்றை விரித்து அதற்கடியில் உள்ளாடைகளைக் காயப்போட்டிருந்தார்கள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தேன். சாரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த எங்கள் கொத்தனாரின் முகம் நேராகத் தெரிந்தது. நல்ல மனுஷர், யாரையும் பார்க்க வேண்டும் என்று பார்க்கிறவர் இல்லை. ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்தால் கண் வேறெங்கே போகும்?

"சாரம் கட்டுனதுலருந்து எம் மருமக நாலு மணிக்கே எந்திரிச்சுக் குளிச்சிட்டுப் போறா தம்பி. நீங்க நாளைக்கு வேலைய முடிச்சிட்டுப் போயிருவீங்க, அந்த ஜன்னலு இங்கனதான இருக்கும்?"

வெளிச்சம், மழைத்தண்ணி என்று அவர் சுற்றிச் சுற்றிச் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. ஒரு ஆண்பிள்ளையிடம், அதுவும் வேலையாட்கள் நடுவில் நின்று, மருமகள் குளிப்பது தெரிகிறது என்று எந்தத் தாய்தான் சொல்வார்?

ஜன்னலை மாற்றலாம் என்றேன், வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. காசு போட்டுக் கட்டுவது நான், அவர்களுக்காக என் பையன் காற்றில்லாமல் வேகணுமா என்று கேட்டார். மதுரை வெயிலில் அதுவும் நியாயமான கேள்வி. சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். அடுத்தவர் இடத்தைப் பொறுத்து ஒருவருக்குள்ள உரிமைகளைச் சொல்வது 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம். அதில், 20 வருஷம் தடையில்லாமல் ஒரு கட்டடத்துக்கு வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கேட்கலாம். அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அடுத்த வீட்டு அந்தரங்கம் தெரிகிற மாதிரி புது ஜன்னல் வைக்கக்கூடாது என்ற வழக்கம் உள்ள ஊரையே உதாரணமாகக் காட்டுகிறது. 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கத்தை ஏற்றுத் தீர்ப்பும் கொடுத்திருக்கிறது. ஆனால் இந்த ஊரில் அந்த வழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டியது புகார் சொல்கிறவர். அந்த அம்மா எங்கே போய் நிரூபிப்பார்?

அதனால் சட்டப் பேச்சை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே அந்தக் கொல்லைக்கு அழைத்துப்போனேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது, "சரி, என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்றார்.

பெரிய ஜன்னலைத் தெருப்பக்கம் வடக்குச் சுவருக்கு மாற்றினோம். கிழக்கில் ஐந்தரை அடிக்கு மேலே, ஒன்றரை அடி உயரத்தில் அகலமான ஒரு வெண்டிலேட்டர் மட்டும். சூடான காற்று மேலேதானே போகும், அதனால் ரூமில் புழுக்கம் இல்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை அந்தப் பக்கம் மட்டும் ஐந்தடிக்கு உயர்த்தினோம், ஏனென்றால் போன் பேசுகிறவர்கள் எல்லாரும் மாடிக்குத்தான் வருகிறார்கள். கூடுதல் செலவு கொஞ்சம்தான், அதையும் பிளான் போடும்போதே யோசித்திருந்தால் அதுகூட ஆகியிருக்காது. அந்தத் தவறு என்னுடையது.

2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில், 2500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமோ ஒரு மாடியோ கட்டுவதற்கு, விதிப்படிதான் கட்டுகிறோம் என்று நாமே கொடுக்கிற சுயசான்று போதும். மக்களுக்கு அலைச்சல் மிச்சம், நல்ல விஷயம்தான். ஆனால் கட்டுவதற்கு முன்னால் இடத்தைப் பார்க்க யாரும் வரப்போவதில்லை என்கிறபோது, பக்கத்து வீட்டைப் பற்றி யோசிக்க மிஞ்சுவது பிளான் போடுகிற ஆள் மட்டும்தான். நாங்கள் வரைகிற பிளானில் பக்கத்து வீடு என்பது ஒரு கோடு, அதற்குமேல் அங்கே ஒன்றும் இருக்காது. இப்போதெல்லாம் மாடி வேலை வந்தால், டேப்பை எடுப்பதற்கு முன்னாலேயே இரண்டு பக்க வீட்டுக்காரர்களிடமும் அனுமதி கேட்டு அவர்கள் கொல்லையில் போய் நிற்கிறேன். கூட ஒரு பெண்மணியை அனுப்பச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்பதும் உண்டு, சில விஷயங்களை அவர்களிடம்தான் சொல்வார்கள்.

அந்த வீட்டில் ஒன்றை நானும் கவனிக்காமல் விட்டிருந்தேன். வெளிப்படிக்கட்டு திரும்புகிற இடத்தில் நின்றால் கொல்லை தெரியும். ஒருநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அங்கே நாலு வரிசை செங்கல் கூடுதலாக ஏறியிருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். "நான்தான் சார் வச்சேன். அங்க நின்னாலும் தெரியுது" என்றார் கொத்தனார், கரண்டியைக் கழுவிக்கொண்டே.