கோஹா கற்றதும், ஒரு ‘ள’ படுத்திய பாடும்

நான் நூலகராக வேலைக்குச் சேர்ந்தது 1996இல். கேட்லாக் கார்டு, வந்த புத்தகங்களை எழுதிவைக்கும் அக்சஷன் ரெஜிஸ்டர், புத்தகத்தின் முதுகில் லேபிள், கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு, இவ்வளவுதான் அன்றைக்கு நூலகம். சின்ன ஊர்க் கல்லூரி, சுமார் 18,000 புத்தகம். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழு வரப்போகிறது, அதற்குள் நூலகத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியாக வேண்டும் என்று பிரின்சிபல் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

கோஹாவைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்லை, காசு கேட்காத நூலக மென்பொருள், அவ்வளவுதான். நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற ஊர்ப்பக்கத்து நூலகங்களுக்காக எழுதியது. அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டு பிறந்தால் படுத்துவிடும் என்று பயந்து 1999இல் எழுதி, 2000 ஜனவரியில் ஓட விட்டிருக்கிறார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு, வாங்கினவர் பிறகு ஒரு நாள் திருப்பிச் செய்யவேண்டிய வகை அன்பளிப்பு. நம்ம ஊர் மொய் மாதிரி.

எங்கள் பழைய மாணவர் ஒருவர் லேபில் கிடந்த ஒரு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு அதில் கோஹாவை ஏற்றிக் கொடுத்தார். மற்ற கம்ப்யூட்டர்களில் பிரவுசரைத் திறந்து முகவரியை அடித்தால் போதும். புத்தகத்தின் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண் வைத்துப் பதியும் முறைக்கு மார்க் (MARC) என்று பெயர். முதல் வாரம் எனக்கு அந்த எண்களே கனவில் வந்தன. தலைப்புக்கு 245, ஆசிரியருக்கு 100, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கு 020, பொருள் தலைப்புக்கு 650. 1960களில் அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உருவான முறை, இன்றும் அதுதான். ஆனால் பழகிவிட்டால் கார்டு எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கார்டில் எந்த வரியில் எதை எழுதினோமோ அதற்கு இங்கே எண் வைத்திருக்கிறார்கள். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாரத் தூக்கம் மிச்சம்.

ஆங்கிலப் புத்தகம் சுலபம். இசட்39.50 என்று ஒரு வசதி இருக்கிறது, ஐஎஸ்பிஎன்னைக் கொடுத்தால் வேறொரு நூலகத்தில் இருக்கும் பதிவை அப்படியே இழுத்துக்கொண்டு வரும். தமிழுக்கு இது பாதிதான் உதவியது. பழைய புத்தகங்களில் ஐஎஸ்பிஎன்னே கிடையாது, கிடைத்த சில பதிவுகளும் ஆங்கில எழுத்தில், அடியில் கோடும் மேலே புள்ளியுமாக இருந்தன. எங்கள் பிள்ளைகள் அப்படியா தேடப்போகிறார்கள்?

எனக்கு முன்பே ஒருவர் தமிழ்ப் புத்தகங்களை எக்செலில் அடித்து வைத்திருந்தார், ஆனால் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய பழைய பாமினி எழுத்துருவில். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு ஆக்கினேன். ஆசிரியர் பெயர்களில் இனிஷியல் முன்னால் இருந்ததால் வரிசைப்படுத்தியபோது பாதிப் பேர் ‘எ’வில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்: எம்., எஸ்., என்., எல். எல்லாமே எ தானே. நூலக இயலின் தந்தை என்று நாம் சொல்லும் சீர்காழி ரங்கநாதனே எஸ்.ஆர். என்பதால் எ-வில்தான் கிடந்தார். பெயர் முதலில், இனிஷியல் பின்னால் என்று மாற்றவே ஒரு மாதம். அப்புறம் ஒருவழியாக ஏற்றினோம்.

திறந்துவிட்ட மூன்றாம் நாள் வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி வந்து “மேடம், பௌத்தம் பத்தி ஒண்ணுமே இல்லையா?” என்றாள். டைப் அடிக்காமல் போனில் சொல்லைச் சொல்லித் தேடியிருக்கிறாள், பூஜ்யம். எங்கள் அட்டெண்டர் அண்ணன் எழுந்துபோய் பௌத்தத்துக்கான 294.3 எண் இருக்கும் தட்டிலிருந்து மூன்று புத்தகத்தைக் கையில் கொண்டுவந்து வைத்தார். “கண்ணு முன்னாடி இருக்கு மேடம், இது இல்லேங்குது” என்றார். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பதிவைத் திறந்து பார்த்தால் தலைப்பில் பௌத்தம் என்றுதான் இருக்கிறது. அரை மணி நேரம் முறைத்துப் பார்த்தேன். பிறகு அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக அழித்தபோது விஷயம் தெரிந்தது, கடைசியில் ஒரு ‘ள’ தனியாக அழிந்தது. அது ‘பௌ’ இல்லை, ‘பெ’யும் ‘ள’வும். பழைய எழுத்துருவில் கொம்பையும் ளவையும் சேர்த்து அடித்துத்தான் ஔகாரம் வரும், அந்த இலவச எழுத்துரு மாற்றி அதை உள்ளபடியே ‘பெள’ ஆக்கிவிட்டது. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. கௌதமர், சௌராஷ்டிரர், பௌர்ணமி எல்லாரும் இப்படிக் காணாமல் போயிருந்தார்கள்.

இதென்ன பிரமாதம் என்று எக்செலைத் திறந்து, ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ ஆக்கு, எல்லாவற்றையும் மாற்று என்று ஒரே தட்டு. சேமித்து மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பதிப்பாளர் கட்டத்தில் இருந்த ‘வெளியீடு’ அத்தனையும் ‘வௌியீடு’. வெள்ளி, வெள்ளம், தெளிவு, எதுவும் தப்பவில்லை. பென் டிரைவில் முந்தின நாள் பிரதி இருந்ததால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பழைய மாணவரிடம் போனில் புலம்பியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “ள-வுக்கு அடுத்து என்ன வருது மேடம்?” ‘வெளி’ என்ற சொல்லில் ளவுக்குப் பின் இகரக் குறி, ‘வெள்ளி’யில் புள்ளி. பௌத்தத்தில் வந்த அந்தப் போலி ளவுக்குப் பின் ஒன்றுமில்லை, நேராக அடுத்த எழுத்து. ஆகவே குறியோ புள்ளியோ ஒட்டாத ளவை மட்டும் மாற்று என்று எக்செல் மாதிரியே இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் ஒரு சின்ன விதி எழுதச் சொல்லிக்கொடுத்தார். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று பெயர், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எனக்குத் தெரிந்தது இன்றுவரை அந்த ஒரு வரிதான். அதிலும் ‘வெளக்கு’ போன்ற பேச்சுவழக்குச் சொற்கள் மாட்டிக்கொண்டன, அவற்றைக் கையால் சரிசெய்தேன். இப்போது எதை மாற்றினாலும் முதலில் இருபது பதிவில் செய்துபார்த்துவிட்டுத்தான் மொத்தத்தில் கை வைக்கிறேன்.

அந்த மாணவியைக் கூப்பிட்டு மறுபடி தேடச் சொன்னேன், மூன்றும் வந்தன. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு “நான் அன்னைக்கே எடுத்துக் குடுத்துட்டேனே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னும் சுமார் 7,000 புத்தகம் பாக்கி. கவுண்டரில் இருக்கும் கீபோர்டில் இசட் கட்டையின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன், தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் ஔகாரம் அங்கேதான். புதிதாக வந்த தம்பி நேற்றுகூட ‘செளந்தர்யா’ என்று ஒரு மெம்பரைச் சேர்த்திருக்கிறான்.