அம்மா குசினிக்கு ஸ்லாப் போடல

மலேசியாவுல சுங்கை சிப்புட்லேர்ந்து ஈப்போவுக்கு போறப்ப கந்தான் மலை கண்ணுல படாம போகாது. சின்ன வயசுல பஸ்ஸுல உக்காந்து பாத்த மலை இல்ல இப்ப, ஒரு பக்கம் வெட்டி வெட்டி வெள்ளையா நிக்குது. அந்த சுண்ணாம்புக்கல்லுதான் சிமெண்ட் ஆகுது.

இத ஏன் சொல்றேன்னா, போன மாசம் வீட்டுக்கு பின்னால அம்மாவோட குசினிய, அதான் சமையலறைய, இழுத்து கட்ட ப்ளான் போட்டோம். கொன்ட்ரெக்டர் அங்கள் வரைஞ்சு குடுத்தது 20க்கு 12 அடி, மேல 5 இஞ்சு கான்கிரீட் ஸ்லாப். "பிறகு மேல ஒரு ரூம் எழுப்பலாம் தம்பி"ன்னாரு. யாரு எழுப்ப போறா, வீட்டுல இருக்குறது அம்மாவும் நானும்தான்.

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். அந்த ஸ்லாப்புக்கு மட்டும் 100 கன அடி கான்கிரீட், 50 கிலோ மூட்டையில ஏறக்குறைய 19 மூட்டை சிமெண்ட். சாதா சிமெண்ட் ஒரு கிலோ செய்ய முக்கா கிலோவுக்கு மேலயே கார்பன் டை ஆக்சைடு வெளியாகும், அதுல பாதிக்கு மேல சூளை நெருப்புலேர்ந்து வர்றது இல்ல, 1450 டிகிரி வரைக்கும் சுடுறப்ப கல்லுக்குள்ள இருந்த கார்பனே கழண்டு வர்றது, அதனால சூளைக்கு என்ன எரிபொருள் மாத்தினாலும் அந்த பங்கு குறையாது. உலகம் முழுக்க வெளியாகுறதுல 7, 8 சதவீதம் சிமெண்ட்தான்.

நான் இத்தன நாளா நினைச்சது, நல்ல பொருளா பாத்து வாங்கினா போதும்னு. நிலக்கரி எரிசாம்பலோ இரும்பாலை கசடோ கலந்த சிமெண்ட்ல கார்பன் கம்மி, நல்லதுதான், பூச்சுக்கும் அஸ்திவாரத்துக்கும் அதத்தான் கேட்டிருக்கேன், கெட்டியாகுறதுக்கு கொஞ்சம் நாள் எடுக்கும், ஈரம் காயாம பாத்துக்கணும். ஆனா தேவையே இல்லாத ஸ்லாப்ப எந்த சிமெண்ட்ல போட்டாலும் வீண்தானே?

அதனால சரிவு கூரை. நாங்க முன்ன இருந்த தோட்டத்து (எஸ்டேட்) வீட்ட உடைச்சப்ப அப்பா எடுத்து வச்ச செங்கால் மரச் சட்டம் ஏழு கிடக்கு, ஒன்னு கூட உளுத்துப் போகல, அதத்தான் மேல ஏத்துறோம். அதுக்கு மேல தகரம். தகரமும் இரும்புதான், அதுக்கும் கார்பன் உண்டு, ஆனா ஸ்லாப்புக்குள்ள போக வேண்டிய கம்பி எடைய விட கம்மிதான். மேல பாரம் கம்மின்னதும் பீமும் அஸ்திவாரமும் சின்னதாச்சு. பழைய பின் சுவத்தையும் இடிக்கல, ஜன்னல் இருந்த இடத்த மட்டும் கதவா மாத்துறோம்.

அங்களுக்கு முதல்ல புடிக்கல. "தகரம்னா தோட்டத்து வீடு மாதிரி இருக்கும் தம்பி"ன்னாரு. எனக்கு அது வலிச்சுச்சு, அந்த வீட்டுலதான் நாங்க நாலு பேரும் வளந்தோம்.

அம்மா கேட்டது ஒன்னுதான், மழை சத்தம். தகரத்துக்கு அடியில பஞ்சு வச்சு சீலிங் அடிச்சா ரொம்ப குறையும்னு சொன்னேன்.

"முழுசா அடைச்சுடாதடா, கொஞ்சம் கேக்கட்டும்"னாங்க.