நீருக்கு மேலே பிடிக்கும் துரு

பாம்பன் சாலைப் பாலத்தின் ஓரத்தில் நின்று பழைய ரயில் பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம், கடலுக்குள் நிற்கும் தூண்களைவிட அவற்றின்மேல் கிடக்கும் இரும்பு விட்டங்களான கர்டர்களே என் கண்ணை உறுத்தும். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில், துரு முற்றியதால் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 1964-ஆம் ஆண்டுப் புயல் பெரும்பாலான கர்டர்களை அடித்துச் சென்றபோதும் இடம் பெயராமல் நின்றது, கப்பல்களுக்கு வழிவிடத் திறக்கும் நடுவிலுள்ள தூக்குப் பகுதி; அதுவும் துருவுக்குத் தப்பவில்லை.

கடல்நீரில் மூழ்கிக் கிடக்கும் இரும்புதான் விரைவில் அழியும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், நீருக்கடியில் ஆக்சிஜன் குறைவாகவே கிடைப்பதால் அங்கே அரிப்பு ஓரளவு நிதானமாகவே நடக்கிறது. அலை தெறிக்கும் உயரத்தில், நனைவதும் காய்வதுமாக இருக்கும் இரும்புதான் அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தேய்கிறது. அங்கே நீர்ப்படலம் மிக மெல்லியதாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் தடையின்றி உலோகத்தை எட்டுகிறது. நீர் வற்ற வற்ற உப்பின் செறிவும் கூடுகிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி நசநசத்துப் போவதைப் பார்த்திருப்போம். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். கர்டரின்மேல் படிந்த உப்பும் அதையே செய்வதால், வெயிலில் காய்ந்ததுபோலத் தோன்றும் இரும்பும் உண்மையில் ஈரமாகவே இருக்கிறது.

நீருக்கடியிலுள்ள இரும்பைக் காக்க ஒரு பழைய உபாயம் உண்டு. 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பாகச் செப்புத் தகடுகளோடு துத்தநாகத்தையும் இரும்பையும் பிணைத்து, அவை தாம் கரைந்து செம்பைக் காப்பதைக் காட்டினார். (செம்பு கரைவது நின்றதும், அதுவரை அண்டாதிருந்த கடற்சிப்பிகள் கப்பலில் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் கெடுத்தது தனிக்கதை.) இன்றும் கப்பல்களிலும் துறைமுகத் தூண்களிலும் துத்தநாக, அலுமினியக் கட்டிகள் இவ்வாறு பலியாகின்றன. ஆனால் கரையும் கட்டிக்கும் காக்கப்படும் உலோகத்துக்கும் இடையே ஓடும் மின்னோட்டம் திரும்பிவரக் கடல்நீரே வழியாக வேண்டும்; ஆகவே அலைக்கு மேலே நிற்கும் கர்டருக்கு இந்த உபாயத்தால் பயனில்லை.

அங்கே பெரிதும் நம்ப வேண்டியிருப்பது பெயிண்டைத்தான். அதிலும் பூசுவதைவிடப் பூசுமுன் கழுவுவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. உப்பைப் போக்காமல் எத்தனை பூச்சுப் பூசினாலும் அது உள்ளிருந்தே கொப்பளித்து உரியும். பழைய பாலத்தில் தகடுமேல் தகடு வைத்து ரிவெட் ஆணி அடித்த இணைப்புகள் மிகுதி. அந்த இடுக்குகளில் புகுந்த உப்புநீரை எந்தத் தூரிகையாலும் எட்ட முடியாது. உள்ளே உருவாகும் துரு, தான் உண்ட இரும்பைவிடப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்வதால், தகடுகளையே நெம்பிப் பிரித்துவிடும்.

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இணைப்புகள் வெல்டிங் செய்யப்பட்டு, பாலிசிலாக்சேன் என்ற சிலிக்கான் சார்ந்த பெயிண்ட் பூச்சும் கொடுக்கப்பட்டுள்ளது. அடுத்த முறை செல்லும்போது, மழையே கழுவிவிடும் மேற்புறத்தை விட்டு, மழை படாமல் உப்பு சேர்ந்துகொண்டே போகும் அதன் அடிப்புறத்தைத்தான் உற்றுப் பார்க்கப் போகிறேன்.